முதல் வருஷ ஹாஸ்டல்: அறையைக் கடைசியாகப் பாருங்கள்

கல்லூரியில் இடம் உறுதியானதும் கைக்கு வரும் அடுத்த படிவம் ஹாஸ்டல் படிவம். அதை நிரப்பிக் கொடுக்கப் பெரும்பாலும் நாலைந்து நாள்தான் தருவார்கள். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி என்று நம் கரையிலிருந்து போகிற குடும்பங்கள் அந்த நாலைந்து நாளில் விசாரிப்பதெல்லாம் அறையைப் பற்றித்தான். எத்தனை பேர் தங்க வேண்டும், ஏ.சி. உண்டா, கட்டில் புதுசா? அறை எப்படியோ ஒரு வாரத்தில் பழகிவிடும். வருஷம் முழுக்கத் தொல்லை கொடுப்பவை வேறு: வெளியே போக அனுமதி தரும் முறை, மெஸ் பில் போடும் முறை, ஊருக்கு வரும் ரயில். இந்த மூன்றையும் விசாரித்து முடித்த பிறகு அறைக்கு வரலாம்.

எந்த வகை ஹாஸ்டல்

கல்லூரியே நடத்தும் ஹாஸ்டல், அரசு நலத்துறை ஹாஸ்டல், வெளியில் தனியார் ஹாஸ்டல் என மூன்று வகை. முதல் வருஷத்துக்குக் கல்லூரி ஹாஸ்டல்தான் என் சிபாரிசு. காரணம் வசதி இல்லை, பொறுப்பு. ராகிங் தடுப்புக்கான பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 விதிமுறைகள், முதல் வருஷ மாணவர்களைக் கூடியவரை தனி பிளாக்கில் தங்கவைக்கச் சொல்கின்றன. சேரும்போது மாணவரும் பெற்றோரும் தனித்தனியே உறுதிமொழிப் பத்திரம் கொடுக்க வேண்டும் என்பதும் அதில் வருவதுதான். எனவே முதல் கேள்வியாக, "ஃபர்ஸ்ட் இயர் பிளாக் தனியா? அதற்கு வார்டன் அங்கேயே தங்குகிறாரா, இல்லை மாலையில் வீட்டுக்குப் போய்விடுவாரா?" என்று கேளுங்கள். "தனி பிளாக் இல்லை, ஆனால் எங்கள் ஹாஸ்டலில் ராகிங்கே கிடையாது" என்று பதில் வந்தால், இரவில் யார் சுற்றி வருகிறார்கள் என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள். 1800-180-5522 என்ற தேசிய ராகிங் எதிர்ப்பு உதவி எண்ணைப் பிள்ளையின் போனில் முன்பே பதிந்து கொடுப்பதும் நல்லது.

அரசு நலத்துறை ஹாஸ்டல்களைப் பற்றி நம் பக்கம் பேச்சே குறைவு. அதனால் இங்கே கொஞ்சம் விரிவாக. பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர், சிறுபான்மையினர் நலத்துறைக் கல்லூரி விடுதிகளில் தங்கலும் சாப்பாடும் இலவசம். பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வீட்டுக்கும் கல்லூரிக்கும் 8 கிலோமீட்டருக்கு மேல் தூரம் இருக்க வேண்டும். மாணவிகளுக்கு இந்தத் தூர விதி கிடையாது. விண்ணப்பத்தை அந்த விடுதியின் காப்பாளரிடமோ, கல்லூரி இருக்கும் மாவட்டத்தின் நலத்துறை அலுவலகத்திலோ வாங்கலாம். நம்மவர்கள் ராமநாதபுரம் கலெக்டர் ஆபீசில் போய் நின்று ஒரு நாளைத் தொலைப்பது இதில்தான்: பிள்ளை மதுரையில் படித்தால் மதுரை அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். சாதிச் சான்று, வருமானச் சான்று இரண்டையும் விண்ணப்பிக்கும்போதே இணைக்க வேண்டியதில்லை, சேரும்போது காட்டினால் போதும். மண்டபம் முகாம் குடும்பங்கள் கவனிக்க: பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை விடுதிகளில் முகாம்வாழ் இலங்கைத் தமிழர் பிள்ளைகளுக்கென ஒவ்வொரு விடுதியிலும் ஐந்து இடம் தனியாக உண்டு. இந்த விடுதிகளின் குறை, கல்லூரி வளாகத்துக்கு வெளியே இருப்பது. நாலு மணிக்கு லேப் முடித்துவிட்டு ஒரு மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டிய இடம் என்றால், இலவசம் என்பதற்காக மட்டும் சேர்க்காதீர்கள்.

தனியார் ஹாஸ்டல் கடைசி வழி. பெண்கள் ஹாஸ்டல் என்றால் 2014ஆம் ஆண்டுத் தமிழ்நாடு பெண்கள், குழந்தைகள் விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி உரிமம் இருக்க வேண்டும். உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். எடுத்துக்காட்டத் தயங்குகிற இடத்தில் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. சில இடங்களில் வாடகைக்கு மேல் ஜி.எஸ்.டி. என்று ஒரு தொகை சேர்ப்பார்கள். 2024 ஜூலை நடுவிலிருந்து, ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய்க்கு மிகாத, தொடர்ந்து 90 நாளாவது தங்கும் ஹாஸ்டல் இடத்துக்கு ஜி.எஸ்.டி. விலக்கு இருக்கிறது. நம் பிள்ளைகள் தங்கும் ஹாஸ்டல் எல்லாமே அந்த வரம்புக்குள் வருவதுதான்.

படிவத்தில் எழுதும் அந்த ஒரு போன் நம்பர்

இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பல ஹாஸ்டல்களில் அவுட்பாஸ், அதாவது வெளியே போகும் அனுமதிச் சீட்டு, இப்போது செயலியில்தான். பிள்ளை விண்ணப்பித்ததும் பெற்றோர் எண்ணுக்கு ஓ.டி.பி. போகும், அல்லது வார்டன் அலுவலகத்திலிருந்து அழைப்பு வரும். அங்கே சரி என்று சொன்னால்தான் கேட் திறக்கும். படிவத்தில் முதல் கட்டம் தந்தையின் கைபேசி. யோசிக்காமல் அப்பா நம்பரை எழுதிவிடுவோம்.

ராமேஸ்வரத்து விசைப்படகுகள் வழக்கமாகக் கடலுக்குப் போவது திங்கள், புதன், சனி. போனால் மறுநாள் காலையில்தான் கரை. சனிக்கிழமைதான் ஹாஸ்டலில் எல்லோரும் அவுட்பாஸ் கேட்கும் நாளும். அப்பா நடுக்கடலில், ஓ.டி.பி. அவர் போனில், பிள்ளை கேட்டில். கீழக்கரை வீடுகளில் இதே சிக்கல் வேறு விதமாக வரும். வாப்பா துபாயிலோ சவுதியிலோ இருப்பார். இந்திய எண்ணை மட்டும் ஏற்கிற செயலியில் அவருடைய நம்பரைப் பதியவே முடியாது, பதிந்தாலும் குறுஞ்செய்தி போய்ச் சேராது. ஆகவே முதல் எண்ணாக அம்மாவின் நம்பர். அது தம்பி கையில் கேம் ஆடுகிற போனாக இருக்கக் கூடாது. ரீசார்ஜ் தீர்ந்துபோன நம்பருக்குச் சில நாளில் உள்ளே வரும் அழைப்பும் நின்றுவிடும் என்பதால் ஆகஸ்டில் கொடுத்த நம்பர் டிசம்பரிலும் உயிரோடு இருக்க வேண்டும். அம்மாவுக்குக் குறுஞ்செய்தி படிப்பது சிரமம் என்றால், ஓ.டி.பி. முறை உள்ள ஹாஸ்டலில் அழைத்துக் கேட்கும் வழியும் உண்டா என்று சேரும் நாளிலேயே வார்டனிடம் பேசி எழுதி வாங்கிவிடுங்கள்.

லோக்கல் கார்டியன், அதாவது பெற்றோருக்குப் பதிலாக உள்ளூரில் பொறுப்பேற்பவர், அந்தக் கட்டமும் அப்படித்தான். சென்னை என்றதும் நம்மவர்களுக்குக் காசிமேட்டிலோ மண்ணடியிலோ ஒரு உறவு நினைவுக்கு வரும். கல்லூரி ஸ்ரீபெரும்புதூரிலோ கேளம்பாக்கத்திலோ இருந்தால் அந்த மாமா பேருக்குத்தான் கார்டியன். இரவு பதினொரு மணிக்குக் காய்ச்சலில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஒரு மணி நேரத்தில் வந்து சேரக்கூடிய ஆளை எழுதுங்கள், அது தூரத்து உறவானாலும் சரி. அவருடைய புகைப்படம், முகவரிச் சான்று, கையெழுத்து மூன்றையும் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். சேர்க்கை நாளில் இது இல்லாமல் திரும்புகிறவர்கள் ஒவ்வொரு வருஷமும் உண்டு.

மெஸ் பில்

மெஸ் இரண்டு விதம். ஒன்று மாதாமாதம் ஒரே தொகை. மற்றது டிவைடிங் சிஸ்டம்: மாதச் செலவு முழுவதையும், அந்த மாதம் சாப்பிட்ட ஆள்நாட்களால் (ஒருவர் ஒரு நாள் சாப்பிட்டால் ஓர் ஆள்நாள்) வகுத்து ஒரு நாள் ரேட் போடுவார்கள். கணக்குக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு மாதம் மளிகை, காய்கறி, பால், கேஸ் எல்லாம் சேர்ந்து 12 லட்சம் ரூபாய். பதிவான ஆள்நாட்கள் 10,000. நாளுக்கு 120 ரூபாய். முப்பது நாளும் இருந்தவருக்கு 3,600. ஆறு நாள் ஊருக்குப் போய் அதற்குக் குறைப்பு வாங்கியவருக்கு 2,880.

குறைப்பு, அதாவது மெஸ் ரிடக்‌ஷன், தானாக வராது. பெரும்பாலும் தொடர்ச்சியாக இத்தனை நாள் இல்லாவிட்டால்தான் கிடைக்கும், அதற்கு இத்தனை நாள் முன்பே எழுதித் தர வேண்டும் என்று விதி இருக்கும். சனி, ஞாயிறு மட்டும் ஊருக்கு வந்து போகிற பிள்ளைக்கு அந்தக் குறைந்தபட்சம் எட்டாது. வீட்டில் சாப்பிட்டாலும் மெஸ்ஸில் பில் ஏறும். எனவே கேட்க வேண்டியது "மாசம் எவ்வளவு வரும்?" என்று இல்லை. "ரிடக்‌ஷனுக்குக் குறைந்தது எத்தனை நாள், எத்தனை நாள் முன்னால் எழுத வேண்டும், சமையல்காரர் சம்பளம் மெஸ் பில்லில் வருகிறதா, தனியாக வாங்கும் எஸ்டாப்ளிஷ்மென்ட் சார்ஜில் (நிர்வாகக் கட்டணத்தில்) வருகிறதா?" என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி முக்கியமானது. சம்பளம் மெஸ் பில்லில் சேர்கிற ஹாஸ்டலில், பொங்கலுக்குப் பாதிப் பேர் ஊருக்குப் போன மாதம், ஆள்நாட்கள் குறையும், சம்பளச் செலவு குறையாது. நாள் ரேட் ஏறிவிடும். ஜனவரி பில்லைப் பார்த்து மெஸ் செகரட்டரியைத் திட்டுகிறவர்களுக்கு விஷயம் இதுதான்.

தனியார் ஹாஸ்டலின் ஒரே தொகையில் வேறு ஒரு கண்ணி இருக்கிறது. 6,500 ரூபாய் என்றால் மலிவாகத் தெரியும். அது பத்து மாதத்துக்கா, பன்னிரண்டு மாதத்துக்கா? பத்து என்றால் 65,000, பன்னிரண்டு என்றால் 78,000. கோடை விடுமுறையில் இடத்தைப் பிடித்துவைக்கப் பாதி வாடகை கேட்பவர்களும் உண்டு.

சாப்பாட்டில் நம் பிள்ளைகள் முதலில் அடிவாங்குவது மீனில்தான். வாரம் ஒரு நாள் சிக்கன் போடும் மெஸ்ஸில்கூட மீன் அபூர்வம். பிள்ளை சைவ மெஸ், அசைவ மெஸ் என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கல்லூரியில், மீன் கிடைக்கும் என்று நினைத்து அசைவ மெஸ்ஸை எழுதுவதில் அர்த்தம் இல்லை. வாராந்தர மெனுவைக் கேட்டு, அதில் முட்டையையும் சிக்கனையும் எண்ணிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கறி ஹலாலா என்பதும், நோன்பு மாதத்தில் சஹர் நேரத்துக்குச் சாப்பாடு எடுத்துவைப்பார்களா என்பதும் சேரும் முன்பே கேட்டு முடிக்க வேண்டியவை. பல இடங்களில் மாணவர்கள் பெயர்ப் பட்டியல் கொடுத்தால் செய்து தருகிறார்கள், ஆனால் நோன்புக்கு முன்பே கொடுக்க வேண்டும். வீட்டிலிருந்து கருவாட்டுப் பொடி அனுப்புவது உங்கள் விருப்பம். வறுத்த கருவாட்டை மட்டும் அனுப்பாதீர்கள். மூன்று பேர் அறையில் ஒரு டப்பா திறந்தால் அந்த வாரம் பிள்ளைக்கு நண்பர்கள் கிடைக்க மாட்டார்கள்.

ரயில்

தூரத்தைக் கிலோமீட்டரில் பார்க்காமல் வெள்ளிக்கிழமை மாலையில் பாருங்கள். சென்னையிலிருந்து ராமேஸ்வரத்துக்கு சேது எக்ஸ்பிரஸ் எழும்பூரில் மாலையே கிளம்பிவிடும், போட் மெயில் அதற்கு அப்புறம். இரண்டும் தாம்பரத்தில் நிற்கும். குரோம்பேட்டை, வண்டலூர்ப் பக்கம் படிக்கிறவர்கள் தாம்பரத்திலேயே ஏறிக்கொள்ளலாம். பூந்தமல்லி தாண்டிய கல்லூரி என்றால் நாலரை மணிக்கு வகுப்பு முடித்து சேதுவைப் பிடிப்பது நடக்காத காரியம், போட் மெயிலை மட்டும் நம்புங்கள். 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் பாலம் திறந்த பிறகு ராமேஸ்வரம் வரை ரயில் மறுபடி வருகிறது. அதே நாளில் தொடங்கிய தாம்பரம் ரயில் திருவாரூர், பட்டுக்கோட்டை வழியாக வருகிறது. கோயம்புத்தூருக்கு நேர் ரயில் வாரம் ஒன்றுதான். அங்கே சேர்கிறவர்கள் மதுரை வந்து மாறித்தான் வரவேண்டியிருக்கும், மாட்டுத்தாவணியிலிருந்து நம் பக்கத்துக்கு இரவிலும் பஸ் உண்டு என்பதால் சமாளிக்கலாம்.

முன்பதிவு இப்போது பயண நாளுக்கு 60 நாள் முன்புதான் திறக்கும். 2024 நவம்பருக்கு முன் 120 நாளாக இருந்தது. பழைய பழக்கத்தில் காலண்டர் பார்க்காதீர்கள். பொங்கல் டிக்கெட்டுக்கு நவம்பர் நடுவில் உட்கார வேண்டும். தட்கல் முந்தின நாள், ஏ.சி.க்கு 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. அந்த நேரம் பிள்ளை வகுப்பில் இருக்கும், வீட்டில் யாராவது போட வேண்டும். இன்னொன்று: திங்கட்கிழமை விடியற்காலை வந்து இறங்குகிற பிள்ளைக்கு ஹாஸ்டல் கேட் எத்தனை மணிக்குத் திறக்கும்? ஆறு மணி வரை பூட்டியிருக்கும் இடங்களில் பெட்டியோடு வாசலில் நிற்க வேண்டும். ஞாயிறு இரவுக்குள் திரும்பியாக வேண்டும் என்று விதி இருந்தால் இரவு ரயிலே பயன்படாது, பகலில் கிளம்ப வேண்டும்.

வீட்டிலிருந்தே போய்வரலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு: கீழக்கரையிலிருந்து ராமநாதபுரம் என்றால் கல்லூரி பஸ் போதும். ராமேஸ்வரத்திலிருந்து என்றால் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை. முதல் வருஷம் லேப் நாட்களில் பிள்ளை தூங்கிக்கொண்டேதான் வீடு வரும்.

பணம் கட்டும் வரிசை

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். தடை முடிந்து முதல் சில நடைகளின் வரவு டீசலுக்கும் வலைக்கும் பழைய பாக்கிக்கும் போகும். ஹாஸ்டல் பணம் கேட்பது அதை ஒட்டித்தான். எனவே வருஷத் தொகையை செமஸ்டருக்குப் பாதியாகக் கட்ட முடியுமா என்று கேட்டு, முடிந்தால் அப்படியே கட்டுங்கள். மருத்துவக் கலந்தாய்வுக்குக் காத்திருக்கும் பிள்ளை என்றால் இது கட்டாயம். இரண்டாம் சுற்றில் இடம் கிடைத்துப் போய்விட்டால், கட்டிய ஹாஸ்டல் பணத்தில் எவ்வளவு திரும்பும் என்பது அந்தக் கல்லூரியின் விதியைப் பொறுத்தது. திரும்பும் தொகையை எழுத்தில் காட்டாமல் முழுப் பணம் கட்டாதீர்கள்.

அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்து, 7.5 சதவீத ஒதுக்கீட்டில் தொழிற்படிப்புக்கு வந்தவர்களுக்குக் கல்விக் கட்டணத்தோடு ஹாஸ்டல் கட்டணமும் அரசே ஏற்கிறது. இது தெரியாமல் நகை அடகு வைக்கிறார்கள். அரசு உதவிபெறும் பள்ளியில் படித்தவர்களுக்கு இந்த ஒதுக்கீடு பொருந்தாது. நம் கரையில் அத்தகைய பள்ளிகள் நிறைய என்பதால் சான்றிதழைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். முதல் பட்டதாரிச் சலுகை கல்விக் கட்டணத்துக்கு மட்டும்தான், ஹாஸ்டலுக்கு வராது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் வரும் மாதம் 1,000 ரூபாய் மாணவரின் சொந்தக் கணக்குக்கு வரும். அந்தக் கணக்கில் ஆதார் இணைந்திருக்க வேண்டும். கல்விக் கடன் கேட்பவர்கள், கல்லூரி தரும் கட்டண விவரக் கடிதத்தில் ஹாஸ்டலும் மெஸ்ஸும் நாலு வருஷத்துக்கும் தனி வரியாக இருக்கிறதா என்று பாருங்கள். கடிதத்தில் இல்லாத தொகையைக் கடன் கணக்கில் பிறகு சேர்க்க வைப்பது பெரிய அலைச்சல்.

இனி அறை

நான்கு மாடியில் இரண்டாவது, மூன்றாவது நல்லது. மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள அறையில் பகல் முழுக்கக் காய்ந்த கான்கிரீட் இரவு பத்து மணிக்கும் அனலைக் கக்கும். தொட்டி தலைக்கு மேலேயே இருப்பதால் குழாயில் வேகமும் இருக்காது. தரைத்தளத்தில் ஐப்பசி, கார்த்திகையில் ஈரமும் கொசுவும். கழிவறையை ஒட்டிய அறை வேண்டாம், அதற்காகக் கடைசி மூலையும் வேண்டாம். ஒரு கழிவறைக்கு ஆறிலிருந்து எட்டுப் பேர் வரை ஓடும். அதற்கு மேல் போனால் காலை ஏழரை மணிக்கு வரிசைதான். எண்ணும்போது பூட்டிக்கிடப்பதையும் உடைந்ததையும் கழித்துவிடுங்கள்.

இரண்டு பேர் அறையைவிட மூன்று பேர் அறைதான் முதல் வருஷத்துக்கு ஏற்றது. இரண்டு பேரில் ஒத்துப்போகாவிட்டால் பேச ஆளில்லை. மூன்றாவது ஆள் இருந்தால் அறை ஓடும், செலவும் குறைவு. நாலு பேர் என்றால் பிளக் பாயிண்ட் எத்தனை என்று பாருங்கள். கெட்டில், இண்டக்‌ஷன் அடுப்பு அநேகமாக எங்கும் தடை, பிடித்தால் அபராதம்.

தண்ணீரைக் குழாயின் வாயில் பாருங்கள். வெள்ளையாகப் படிந்திருந்தால் போர் தண்ணீர், சோப்பு நுரைக்காது. நம் பிள்ளைகளுக்கு அது புதிதில்லை. குடிக்கும் ஆர்.ஓ. மெஷினில் கடைசியாக சர்வீஸ் செய்த தேதி ஒட்டியிருக்கிறதா, கோடையில் லாரித் தண்ணீர் வருகிறதா என்பதுதான் விஷயம்.

மெத்தையை ஊரிலிருந்து ரயிலில் சுமக்க வேண்டாம். கட்டிலின் அளவு எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது. அளந்துவிட்டு அங்கேயே வாங்கலாம். பூட்டு மட்டும் நல்லதாக, மூன்று சாவியோடு கொண்டுபோங்கள்: ஒன்று பிள்ளையிடம், ஒன்று பெட்டிக்குள், ஒன்று வீட்டில்.

சாவி வாங்கும் நாளில் கட்டில், அலமாரி, ஜன்னல் கண்ணாடி, மின்விசிறி எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து, உடைந்திருப்பதை வார்டனின் பதிவேட்டில் எழுதவைத்துவிடுங்கள். காஷன் டெபாசிட் ரசீதின் அசல் வீட்டில் இருக்கட்டும், நகல் பிள்ளையிடம். செமஸ்டர் லீவுக்கு அறையைக் காலிசெய்யச் சொல்லும் ஹாஸ்டல்களில் பெட்டியைப் பூட்டிவைக்க ஸ்டோர் ரூம் உண்டா என்று அப்போதே கேட்டுக்கொண்டால், நவம்பர் மழையில் மெத்தையைத் தூக்கிக்கொண்டு தாம்பரம் ஸ்டேஷனுக்கு ஓட வேண்டியிருக்காது.